பஸ்குவாலா சுமந்த பாட்டில்

சாமுலா மலைப்பக்கம் பஸ்குவாலா பாத்திஷ்டானைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புதான் வரும். "விருந்துக்குப் போயி, வாங்குன சாராயத்தை மண்ணுல கொட்டுற பைத்தியமா?" என்பார்கள். சிரிக்கட்டுமே! ஒரு காலத்தில் ஆட்டுமந்தையையே விற்றுக் குடித்தவள் அவள். அன்றைக்குச் சிரித்ததும் இதே ஆட்கள்தான்.

எங்கள் பக்கம் போஷ் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. கரும்புச் சாராயம். ஒரே ஒரு சின்னக் கிளாஸ், வயது வரிசைப்படி சுற்றி வரும். வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. குடிக்க முடியாதவன் கிளாஸை வாங்கி, மரியாதை சொல்லிவிட்டு, புனல் வழியாகத் தன் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

குடியை விட்டவனுக்கு வினையே அங்கேதான். விருந்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தப்பித்துவிடுவான். நிறைந்த பாட்டிலோடு தனியாக வீட்டுக்கு நடப்பானே, அப்போது மாட்டிக்கொள்வான். பஸ்குவாலாவே அப்படி விழுந்து எழுந்தவள்தான். அதனால் ஓர் ஏற்பாடு செய்தாள்: புனல் உன் கையில், பாட்டில் என் கையில். குடியை விட்டவர் யார் கூப்பிட்டாலும், சோளம் அவிக்கிற அடுப்பை அணைத்துவிட்டுக் கூடக் கிளம்புவாள். திரும்பும் வழியில் மலைத் திருப்பத்தில் பாட்டிலைக் கவிழ்ப்பாள்.

லாரிக்கு உருளைக்கிழங்கு ஏற்றுகிற அந்தூன் லூனெஸ் போன மழைக்காலத்தில்தான் குடியை விட்டான். மகனுக்குப் பெண் கேட்கப் போன அன்று அவளையும் அழைத்துப் போனான். கிளாஸ் வந்தது. அந்தூன் புனலை எடுத்தான். பெண்ணின் அப்பா சால்வதோருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னப்பா, என் பொண்ணு வேணும், என் போஷ் வேணாமா? பாட்டிலுக்கா நான் பொண்ணு கொடுக்குறேன்? குடிப்பா!"

கிளாஸை அந்தூனின் வாய்க்கே கொண்டுபோய்விட்டார். பஸ்குவாலா சட்டென்று குறுக்கே கையை நீட்டினாள். கிளாஸ் சரிந்து, மொத்தமும் அவள் விரலிலும் கம்பளிப் பாவாடையிலும் கொட்டியது. ஐயோ, அந்த வாசனை! வாயில் எச்சில் ஊறியது. விரல்கள் தாமாகவே வாயை நோக்கி எழும்பின. கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சால்வதோர் அண்ணே, வயசான காலத்துல உங்கப்பாவும் பாட்டில்லதானே ஊத்திக்கிட்டாரு? அவரு மரியாதை தெரியாதவரா? இவன் குடிச்சுட்டுப் பள்ளத்துல கிடந்தா, நாளைக்கு மாமனாரை யார் தூக்குவா? உங்க பொண்ணுதான்!"

சால்வதோர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி மாருச்சின் குரல் வந்தது. "பாட்டில்லயே ஊத்தச் சொல்லுய்யா. உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. என் பொண்ணு இடுப்பாவது மிஞ்சட்டும்."

வீடே கொல்லென்று சிரித்தது. கடைசியில் சால்வதோரும் சிரித்துவிட்டார். பெண் நிச்சயமாயிற்று. அதற்குப் பிறகு அந்தூனுக்கு வந்த கிளாஸெல்லாம் புனல் வழியாகப் பாட்டிலுக்கே போயின.

திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பளி, வாசனையை விடுவேனா என்றது. அந்தூன் கல்யாணப் பேச்சை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். திருப்பம் வந்தது. அவள் நிற்கவில்லை.

"அக்கா, இங்கதானே ஊத்துவீங்க?"

"அடுத்த திருப்பத்துல ஊத்திக்கலாம்."

அடுத்த திருப்பமும் போயிற்று. அந்தூன் நடப்பதை நிறுத்திவிட்டான். "அக்கா, பாட்டிலைக் கொடுங்க."

"நீ தொடக் கூடாது. அதுதானே ஏற்பாடு?"

"ஏற்பாடு எனக்கு மட்டுமா, நம்ம ரெண்டு பேருக்குமா?"

அவள் முகம் கோணியது. எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள்! இதைச் சொல்ல அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னாள். "குடிக்கணும் போல இருக்குடா. வீட்டுக்குப் போயிக் குடிக்கத்தான் தூக்கிட்டு வர்றேன்."

அந்தூன் அசந்துபோகவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. "எனக்கும்தான் இருக்கு. தனியா என்னையும் நம்பாதீங்க. ஆளுக்கொரு கையாப் பிடிப்போம்."

இரண்டு கையும் சேர்ந்து பாட்டிலைக் கவிழ்த்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலியா?"

"காலிக்கா."

"நல்லாக் குலுக்கு."

குலுக்கினார்கள். கடைசிச் சொட்டு மண்ணில் விழும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.