மேனேஜர் மனைவிக்குச் சேலை காட்டிய நாள்

பட்டுக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கோட்டைக் கழற்றி மாட்ட உங்கள் கையருகே ஒரு கொக்கி இருக்கிறதே, அது முதலில் அங்கே கிடையாது. நாகர்கோவிலில் இந்த ஜவுளிக்கடையின் பட்டு ஃப்ளோருக்கு நான் சூப்பர்வைசராக இருந்தபோது, சகாயமேரி என்ற சேல்ஸ் கேர்ளின் வேலை போகிற நிலை வந்து, அதற்குப் பிறகு அடித்த கொக்கி அது.

1. கோட்டு வந்தது

புது மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வந்ததும் எங்கள் எல்லாருக்கும் நீலநிற ஓவர்கோட் தைத்துக் கொடுத்தார். "இனிமே இதைப் போட்டுட்டுத்தான் ஃப்ளோர்ல நிக்கோணுங்க. பார்க்க டீசண்டா இருக்கும்" என்றார்.

கூடவே இன்னொரு ரூல். முன்பு அவர் இருந்த கடையில், "இந்தக் கலர் உங்களுக்கு மங்கலா இருக்கு" என்று ஒரு பெண் சொல்லப்போய் பெரிய சண்டையாகிவிட்டதாம். "சொந்த அபிப்பிராயமே வேண்டாமுங்க. எந்தச் சேலை எடுத்தாலும் 'உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு மேடம்'னு சொன்னாப் போதும்."

கோட்டு எங்களில் பலருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் பை இருந்தது. உள்ளே போட்டிருப்பது பழைய சுடிதாரா புதுசா என்று யாருக்கும் தெரியாது. என் தொப்பையையும் அது மறைத்தது.

சகாயமேரிக்குத்தான் பிடிக்கவில்லை. குளச்சல்காரி. பட்டுச்சேலையை மேசைமேல் விரித்துக் காட்டினால் மட்டும் விற்காது. பிளீட் மடித்து, தன் தோளில் முந்தியைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். அதில் மேரியை மிஞ்ச ஆளில்லை. கோட்டின்மேல் போட்டால் காலர் தூக்கிக்கொண்டு நிற்கும், சேலை விழுகிற அழகு தெரியாது.

"தலகாணிக்கி உறை போட்டது மாதிரி இருக்கு யக்கா. இத பாத்து எவ வாங்குவா?" என்றாள் என்னிடம்.

2. வார்னிங்

அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுடைய கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். கடுகு மஞ்சளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மஞ்சளையும் பச்சையையும் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாள். "யம்மா, மஞ்ச பிள்ளைக்க நெறத்துக்கு எடுக்கல்ல. இந்தப் பச்ச நல்லா கொள்ளாம், பாருங்க" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. பச்சையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டார். மேரிக்காக நான் எவ்வளவோ வாதாடினேன்.

"வாங்கிட்டாங்க, சரி. நாளைக்கு ஒருத்தர் சண்டைக்கு வந்தா யாருங்க பதில் சொல்றது? இன்னொரு தடவை கோட்டைக் கழட்டினாலோ கருத்துச் சொன்னாலோ அவங்க வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

மேரியின் மகள் அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். "வாயடச்சி நிக்கதுக்கு வெப்ராளமா வருது யக்கா. வேல போச்சின்னா பிள்ளைக்க படிப்பு என்னாவும்?" என்று மனம் புழுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லாச் சேலைக்கும் ஒரே வாசகம்தான். கலகலவென்று பேசுகிறவள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

3. மேனேஜர் வீட்டம்மா

தம்பி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மேனேஜரின் மனைவி வந்தார். மேனேஜரே முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் மேரி, "உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி நின்று சேலை ராக்கைச் சரி செய்தேன்.

"ஏனுங்க, இந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்லுது. நான் எதைன்னு எடுக்கறது?" என்று கணவரிடம் கேட்ட அந்த அம்மா, "நீ ஒருக்கா போட்டுக் காட்டு கண்ணு" என்று மேரியிடம் திரும்பினார்.

மேரி கோட்டின்மேல் போட்டுக் காட்டினாள்.

"கோட்டுத்தான் தெரியுது. கழட்டிட்டுப் போடு கண்ணு."

மேரி பட்டனில் கையை வைத்தபடி மேனேஜரைப் பார்த்தாள். அந்த அம்மாவும் பார்த்தார்.

"கழட்டுங்க மேரி" என்றார் மேனேஜர், தாழ்ந்த குரலில்.

கோட்டை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். முந்தி தோளில் விழுந்தது. "எப்படி இருக்குன்னு இப்பச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

"சொல்லலாமா சார்?"

"சொல்லுங்க."

"கொள்ளாது, நல்லா இல்ல யக்கா. கடை வெளிச்சத்துல பளபளன்னு இருக்கும். கல்யாணப் பந்தல்ல நின்னா ஒங்க மொகம் தெரியாது, சேலதான் தெரியும்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணமான நாள்லிருந்து இவரு எடுக்கறதெல்லாம் இப்படித்தான். அதைச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சு!" மேரி காட்டிய மாம்பழக் கலரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் ஆசாரி வந்து கொக்கி அடித்தார். "கோட்டு ரூல் மாறலைங்க. போட்டுக் காட்டுற நேரம் மட்டும் கழட்டி மாட்டலாம்" என்றார் மேனேஜர். அபிப்பிராயம் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கடை கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கஸ்டமர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், மனதில் பட்டதை மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்காகத்தான் அவர் கடை ஏறி வருகிறார்.

தீபாவளி நெருங்கியபோது மேனேஜர் இரண்டு சேலைகளோடு எங்கள் கவுண்டருக்கு வந்தார். "வீட்டுக்குத்தாங்க. இதுல எது நல்லாருக்கு மேரி?"

மேரி இரண்டையும் விரித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் வேண்டாம் சார்."

மேனேஜர் இரண்டையும் மடித்தார். பிறகு, "நீங்களே ஒண்ணு எடுத்துப் போட்டுக் காட்டுங்க" என்று மேரியின் கோட்டை வாங்கி, அவரே கொக்கியில் மாட்டினார்.