வாசல் வெளிச்சம்

விழுப்புரத்து நகைக்கடை சேல்ஸ்மேன் வைர மூக்குத்தியை விளக்கடியில் திருப்பி, "கட்டிங் எப்டி டாலடிக்குது பாருங்க மேடம்" என்றான். அந்த விளக்கின் சூடு நெற்றியில் பட்டதுமே திண்டிவனத்துக் கடை ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேலையோ கத்திரிக்காயோ, வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் அம்மா எதையும் வாங்கமாட்டாள். நடவுக்கூலியில் மிச்சம் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் திண்டிவனத்துக் கடைக்கு மூக்குத்தி வாங்கப் போன அன்றும், "வெளிய வச்சிப் பாத்துக்கினு வர்றேங்க" என்றாள். கடை முதலாளி, "எடுத்துக்கினு ஓடிட்டின்னா யாரு புடிக்கிறது?" என்றார். கடையே சிரித்தது. அம்மா சாகும்வரை மூக்கில் துடைப்பக்குச்சிதான் செருகியிருந்தாள்.

நான் மூக்குத்தியோடு வாசலுக்கு நடந்தேன். "மேடம், வெளிய கொண்டு போகக்கூடாது" என்று சேல்ஸ்மேன் பின்னாலேயே ஓடிவந்தான். வாசல் வெளிச்சத்தில் கல்லின் நடுப்பகுதி ஒளியில்லாமல் செத்துக் கிடந்தது.

"உங்க முதலாளிய இங்க வந்து வெல சொல்லச் சொல்லு. ஓட மாட்டேன், நிக்கிறேன்."