பாதிச் சம்பளம்

சிக்கனம் என்று சொல்லி அதிகாரிகளின் சம்பளத்தில் அரசாங்கம் கை வைத்தபோது, அரசு அதிகாரியான அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்தது என்னவோ பத்தில் ஒரு பங்குதான். தையல்காரத் தம்பியிடம் அவர் சொன்னதோ, "பாதியா வெட்டிட்டாங்கடா!" பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை, சும்மா அலுத்துக்கொண்டார். தம்பியின் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு, திருத்திச் சொல்ல நாக்கு எழவில்லை.

"வாடகை வீடு எதுக்குண்ணா? இங்க வந்துடு" என்றான் தம்பி.

தனிக்கட்டை மனிதர், பெட்டியோடு வந்து இறங்கினார். முன்னறையிலிருந்த தையல் மெஷின் வாசல் நடைக்குப் போனது. கதவைத் திறக்கும்போதெல்லாம் தம்பியின் முதுகில் இடிக்கும். தெருவே ஆபீசர் என்று மரியாதையாகக் கூப்பிடும் ஆள், ஓசிச் சோற்றில் உடம்பு வைத்தார். கால்சட்டை இடுப்பைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்ததும் தம்பிதான்.

ஒருநாள் சாயங்காலம் டிவியில் செய்தி ஓடியது. அதிகாரிகளிடம் பிடித்துவந்த பத்து சதவீதச் சம்பளம் அடுத்த மாதம் முதல் திரும்பக் கிடைக்கும். அவர் ஏங்கிக் காத்திருந்த செய்திதான். அது பத்து சதவீதம் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லும் என்று அவர் நினைக்கவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதருக்கு உடம்பெல்லாம் கூசியது.

நடையிலிருந்து எட்டிப் பார்த்த தம்பி உள்ளே வந்து டிவியை அணைத்தான்.

"சம்பளம்னு ஏதோ சொன்னாங்களே?" அடுப்படியிலிருந்து தம்பி மனைவி கேட்டாள்.

"அண்ணனுக்கு முழுச் சம்பளம் வரப்போகுதாம்."

"அப்பாடா! பாதிய வச்சுக்கிட்டு மாமா எப்படித்தான் சமாளிச்சாரோ, பாவம்."

தம்பி மெஷினுக்குத் திரும்பினான். அவர் பின்னாலேயே போனார்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமாடா?"

"உங்க ஆபீஸ் கேஷியர் சட்டை தைக்க வந்தாரு. நீ இங்க வந்த மாசமே."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பண்ணா."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி. உள்ள வச்சுடலாம். நான் நாளைக்கே வீடு பாக்குறேன்."

"கைய எடுண்ணா, ஊசி உடைஞ்சுடும். உன் கால்சட்டைதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றான் தம்பி.