சித்தப்பாவின் மூச்சு

சட்டைக் காலரில் நான் மாட்டிவிட்ட சின்ன மைக்கைச் சித்தப்பா ஆட்டின் மேலிருக்கும் உண்ணியைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். “இது எப்பப் பதியும், எப்பப் பதியாது?” என்று கேட்டார். நான் அணைத்தால் பதியாது என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பியவர்; பரளச்சியில் மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டு, நாலைந்து ஆடுகளும் வளர்க்கிறார். எதையும் இரண்டு தரம் கேட்காமல் நம்பமாட்டார். அன்று நரிக்குடிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்கு அவரை அழைத்துப்போனது நான்தான்.

நான் சென்னையில் சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் வேலை செய்கிறேன். போர் வேண்டாம் என்று சொல்லும் படம் ஒன்றில் அப்போது வேலை. பாளம்பாளமாக வெடித்த தரையும் சுற்றிலும் கருவேலங்காடுமாக இருந்த அந்தக் கண்மாய்தான் போர்க்களம் என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார். நிஜச் சண்டையைப் பார்த்த ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று அவர் சொன்னபோது, சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சொல்லும் விவரங்கள் பின்னால் உதவும் என்றுதான் மைக் மாட்டினேன்.

“கேமராவ ஏன் தரையோட தரையா வச்சிருக்காக?” என்றார். பார்க்கிறவர்களுக்குப் பயம் வரவேண்டும் என்பதற்காக என்றேன். “பயந்தவன் கண்ணுக்கு இம்புட்டுத் தெளிவாத் தெரியாதே.” கதாநாயகன் புழுதிக்குள் ஓடிவருவதை வேகத்தைக் குறைத்து எடுத்தார்கள். வெயில் அந்தப் புழுதியில் பொன்னாக மின்னியது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு” என்றார். அவர் குரலில் பாராட்டு இல்லை.

பிறகு டம்மி வெடி. வெடிக்கப்போகிறது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வெடித்ததும் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கரைச்சரிவில் முகம் மண்ணில் புதைய, தலைமேல் கைகளைக் கோத்துக் கிடந்தார். அரை நிமிடம் இருக்கும். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, “கால் இடறிருச்சு” என்றார். நானும் ஆமாம் என்றேன். ஆனால் அந்த அரை நிமிடமும் என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஓடியது. மூன்று துண்டாக உள்ளே போன மூச்சு வெளியே வராமல் நின்றது. பிறகு தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம். என் விரல் அணைக்கும் பொத்தான்மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.

சென்னையில் அந்தக் காட்சிக்கு ஒலி சேர்த்தேன். குண்டு வெடிக்கும் சத்தத்துக்கு, டிப்பர் லாரி சரளை கொட்டும் ஓசையையும் காய்ந்த கருவேலம் முறியும் ஓசையையும் அடுக்கினேன். வெடித்த மறுகணம் எல்லாச் சத்தமும் அறுந்துபோக, கேமரா நடிகரின் முகத்தை நெருங்கி நெருங்கிப் போகும். நல்ல நடிகர்தான். ஆனாலும் அது வெறும் முகமாகத்தான் இருந்தது. வயலின் சேர்த்துப் பார்த்தோம். அழச் சொல்கிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று இயக்குநர் வேண்டாமென்றார். நான் வயலினை எடுத்துவிட்டுச் சித்தப்பாவின் மூச்சை வைத்தேன். அறையில் யாரும் அசையவில்லை. இயக்குநர் கண்ணைத் துடைத்தபடி எங்கே பிடித்தாய் என்றார். பழைய பதிவு என்றேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது. எந்த இடத்தில் எதை வைத்தால் அழுகை வரும் என்று தெரிந்து வைத்திருப்பவள் நான். என் கண்ணீரை நானே எப்படி நம்புவது?

படம் அருப்புக்கோட்டைக்கு வந்தபோது சித்தப்பாவைக் காலைக் காட்சிக்கு அழைத்துப்போனேன். புழுதிக்குள் கதாநாயகன் மெதுவாக ஓடிவந்ததும் முன்வரிசையில் விசில் பறந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, “இது சண்டை வேண்டாம்னு எடுத்த படம்தான?” என்றார். அடுத்து அந்த இடம் வந்தது. பின்னால் ஒரு பெண் விசும்பினாள். சித்தப்பா காதுக்குப் பின்னால் கையை மடித்துவைத்து, திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில், “அது யாரு மூச்சு?” என்றார்.

“அந்த நடிகரோடதுதான் சித்தப்பா.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அதற்குப்பின் நான் ஊருக்குப் போனால் மழையைப் பற்றி மட்டும் பேசுவார். உட்கார்ந்ததும் என் கைப்பையைக் காட்டி, “அதுல எதுவும் ஓடுதா?” என்பார். இல்லையென்று சொன்ன பிறகும் அளந்துதான் பேசுவார்.

நாலு மாதம் அப்படியே போனது. ஒருநாள் ஆடுகள் கடிக்க இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

“அந்த எடத்துல சனங்க என்ன செஞ்சாக?”

“அழுதாக.”

“எனக்காகவா, அவனுக்காகவா?”

“அந்த நடிகருக்காகத்தான்.”

“அப்ப அத எடுத்துரு தாயி. நான் இன்னும் அப்படிப் பயப்படுவேன்னு உங்க சித்திக்கே தெரியாது.”

தியேட்டர் ஓட்டம் முடிந்து, படம் இணையத்தில் வரவிருந்த நேரம். காட்சியின் உயிரே அந்த மூச்சுதான் என்று இயக்குநர் கத்தினார். அது இருந்தால் படத்தில் என் பெயர் இருக்கக்கூடாது என்றேன். பத்து நாள் இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் நடிகரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, நின்ற இடத்திலேயே ஓடவைத்து அவர் மூச்சைப் பதிந்தோம். நான் அதை மூன்று துண்டாக வெட்டி ஒட்டினேன். படம் இணையத்தில் வந்த பிறகு, பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் நாள்கணக்கில் தேடித்தேடிப் படித்தேன். அந்த மூச்சுச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நானும் கேட்டுப் பார்த்தேன். மாற்றியது நான் என்பதால்தான் எனக்கே தெரிந்தது.

மறுபடி ஊருக்குப் போனபோது அவர் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

“மாத்திட்டேன் சித்தப்பா.”

“சனங்க?”

“அதே எடத்துல அழுகுறாக. யாருக்கும் வித்தியாசம் தெரியல.”

கையிலிருந்த பருத்தியை மடியில் போட்டுவிட்டு, அன்றுதான் பல மாதம் கழித்து என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அப்ப மொதல்ல எதுக்குத் தாயி என்னோடத எடுத்து வச்ச?”

பதிலுக்காக நிற்காமல் அடுத்த செடிக்குக் குனிந்துவிட்டார்.