தகட்டுப் பெட்டிக்கு ஓர் இருக்கை

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. சிகாமட்டில் புகைப்படக் கடை வைத்திருந்த என் அப்பா, வாடகைக்கு வழியில்லாமல் கடையை மூடிவிட்டு ஒரு பழைய லோரியை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் அமைத்து, பாதியை இருட்டறையாக்கினார். மறுபாதி எங்கள் வீடு. வேலை போய், கடல்தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேறவிருந்த தோட்டத்து மக்கள், பிரிவதற்கு முன் உறவோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அவர்களால் பட்டணத்துக்கு வர முடியவில்லை. நாங்கள் அவர்களைத் தேடிப் போனோம். அப்பா, அம்மா, ஏழு வயதான நான், இரண்டு வயது நிறையாத தம்பி.

தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு முன்னால் லோரி நின்றதும், "வீடு வந்திருச்சு டோய்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். ஒரு தோட்டத்தில் கங்காணியின் மனைவி லோரியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்:

"ஏம்மா, நீங்க கோலம் எங்க போடுவீங்க? டயர் மேலயா?"

"போட்டா நல்லதுதானே? போற தோட்டமெல்லாம் அச்சு விழும்ல," என்றாள் அம்மா.

அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அப்பா இடம் வகுத்திருந்தார். அவருடைய கேமராவில் படம் கண்ணாடித் தகடுகளில்தான் பதியும். எடுத்த படங்களை நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவும்வரை, தகடுகளை ஒளிபடாமலும் உடையாமலும் காக்கவேண்டும். அதற்காக ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே தகடு செருகி நிற்கக் காடிகள் வெட்டி, ஒவ்வொரு காடியிலும் கம்பளித் துணி ஒட்டியிருந்தார். அப்படியும் செம்மண் சாலையின் குலுக்கலில் ஒன்றிரண்டு கீறல் விட்டன. ஆகவே லோரி ஓடும்போது அம்மா தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொள்வாள். கூரைச் சட்டத்தில் அவளுடைய பழைய புடவையைத் தூளியாகக் கட்டித் தம்பியை அதில் போட்டிருந்தோம். தூளி வீசி ஆடிச் சுவரில் மோதாதபடி, அதன் அடியிலிருந்து ஒரு துண்டை இறக்கித் தரையிலிருந்த கொக்கியில் முடிந்திருந்தார் அப்பா. எனக்குச் சுருட்டிய படுக்கை. அதன்மேல் உட்கார்ந்து, அதைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். "ஆடாம உட்காரு" என்பது மட்டுமே எனக்கு இடப்பட்ட விதி.

எங்களில் ஒருவரும் திட்டமிடாத ஓர் ஒழுங்கு அதில் இருந்தது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கிற்று. சாலை மோசமாக இருக்கும்வரை லோரியே தூளியை ஆட்டியது. தம்பி உறங்கினான். நானும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கயிற்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தேன். எங்களைக் காத்தது அந்தக் குண்டும் குழியும்தான்.

யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை முடித்து ஒரு பிற்பகலில் சிகாமட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். பெட்டி நிறைந்திருந்தது. செம்மண் பாதை முடிந்து, புதிதாகத் தார் போட்ட சாலையில் லோரி ஏறியது. குலுக்கல் சட்டென்று நின்றது.

"பாத்தியா, கப்பல் மாதிரி போகுது!" என்று முன்னாலிருந்து அப்பா கூவினார்.

"கப்பல்ல போனா வாந்தி வரும். பாத்து ஓட்டுங்க," என்றாள் அம்மா.

ஆட்டம் நின்றதும் தூளியும் நின்றது. தம்பி விழித்துக்கொண்டு வீரிட்டான். அம்மா வாயால் ராராட்டுப் பாடிப் பார்த்தாள்; அவன் அடங்கவில்லை.

"எந்திரிச்சு ஆட்டுடி கண்ணு. என் மடியில பெட்டி இருக்குல்ல."

எழுந்து நின்று தூளியைப் பிடித்து ஆட்டினேன். அவன் அழுகை விம்மலாகித் தணிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் லாலாங் புல்லுக்குள்ளிருந்து ஓர் எருமை சாலையின் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். தூளி முன்னால் பாய்ந்தது. அடியில் முடிந்த துண்டு அதை இழுத்து நிறுத்தியது. தம்பிக்கு ஒன்றுமில்லை. என்னை இழுத்து நிறுத்த எதுவும் இருக்கவில்லை. இருட்டறையின் நிலைச்சட்டத்தில் போய் மோதி, இடது கை உடம்புக்கு அடியில் மடங்க விழுந்தேன். விழும்போது நான் கண்டது அம்மாவின் இரு கைகளையும். அவை பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டிருந்தன.

ஒரு தகடுகூட உடையவில்லை. என் முழங்கை உடைந்தது.

சிகாமட் மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, அப்பாவின் அக்கா ஜொகூர் பாருவிலிருந்து ரயிலேறி வந்தார். லோரிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, என் கட்டிலருகே நின்று அப்பாவிடம் கேட்டார்:

"ஏன்டா தம்பி, கண்ணாடி ஒண்ணொண்ணுக்கும் இடம் வெட்டி வச்சிருக்க. பொண்ணுக்கு எங்கடா இடம்?"

அப்பா என் கட்டின் நுனியைச் சரிசெய்தார். அத்தையே தொடர்ந்தார்:

"கை கூடற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். பள்ளிக்கூடமும் பக்கத்துலதான்."

"கை கூடினதும் அனுப்பிடுங்க அண்ணி," என்றாள் அம்மா.

"அனுப்பாம? வச்சுக்கிட்டு ஊறுகாயா போடப் போறேன்?"

கை கூடிற்று. அதற்குள் பள்ளியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பாதிப் படிப்பில் நிறுத்துவானேன் என்றார் அத்தை. அப்பாவும் சரியென்றார். லோரியில் மறுபடி ஏதாவது நேர்ந்துவிடும் என்ற அச்சம் அவரை விடவில்லை. ஒருமுறை என்னைப் பார்க்க வந்த அம்மா, என் தலையை வாரிக்கொண்டே, "அந்தப் பெட்டிய விட்டிருந்தா உன்னைப் பிடிக்க ஒரு கை இருந்திருக்கும்," என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னலை இழுத்து முடிந்துவிட்டாள்.

அவளைக் குறைகூற என்னால் இன்றும் இயலவில்லை. அன்று அந்தப் பெட்டியில் இருந்த படங்களில் ஒன்றின் பிரதியை அப்பா பின்னாளில் எனக்குக் காட்டினார். கப்பலேறப்போகும் அண்ணனும் தோட்டத்திலேயே தங்கிவிட்ட தம்பியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பெட்டி நழுவியிருந்தால் அவர்கள் இருவரிடமும் மற்றவரின் முகம் இருந்திராது. என் கையை ஒரு தட்டிலும் அந்தப் படத்தை மறுதட்டிலும் வைத்து எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். தராசு நிலைகொண்டதில்லை.

மறு ஆண்டு நீண்ட விடுமுறையில் லோரி அத்தை வீட்டு வாசலுக்கு வந்தது. அப்பா என் கையைப் பிடித்து ஏற்றினார். சுவரோடு சேர்த்து இரண்டு பிரம்பு இருக்கைகள் திருகாணியிட்டு முடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தோல் வார். தூளி இல்லை. ஓர் இருக்கையில் தம்பி வார் பூட்டி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், "யாரும்மா?" என்று கேட்டான். மற்றதில் தகட்டுப் பெட்டி இருந்தது, அதுவும் வார் பூட்டி.

அம்மா அவசரமாக வாரை அவிழ்த்துப் பெட்டியைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"இது உன்னோடது. உட்கார்ந்து பாரு."

உட்கார்ந்தேன். அப்பா குனிந்து வாரைப் பூட்டினார். சரியாகப் பொருந்தியது. நான் வளர்வேன் என்று கணக்கிட்டே செய்திருக்கிறார்.

"எங்ககூட வந்துடறியா?" என்றார், என் முகத்தைப் பாராமல்.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். "லீவு முடிஞ்சதும் பரீட்சை இருக்குப்பா," என்றேன்.

"ஆமா, பரீட்சை முக்கியம்," என்று உடனே ஒப்புக்கொண்டு வாரை அவிழ்த்தார். அன்று நான் சொன்ன அந்தச் சொல்லால்தான் நான் பட்டம் பெற்றேன். நாலு பேருக்குப் பயன்படும் வேலையும் செய்தேன். அவற்றை வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பியோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் வாய்ப்பு எனக்குப் பிறகு வரவேயில்லை.

நான் இறங்கி வாசலில் நிற்க, லோரி கிளம்பியபோது பின்கதவு திறந்திருந்தது. அம்மா பெட்டியை மறுபடி என் இருக்கையில் வைத்தாள். வாரை இழுத்துப் பூட்டினாள்; அசைகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வெறும் மடியில் இரு கைகளையும் வைத்துக்கொண்டாள்.