மேல்வீட்டு ஒப்பாரி

என் இளைய மகளின் சிறுவயதுக் கதைகளில் எல்லோரும் விரும்பிக் கேட்பது இதைத்தான். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் எழும்பி நின்று நடித்தே காட்டுவாள். நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்போது அவளுக்கு ஒன்பது வயதுதான். அதனால் அந்தக் கதையை ஒருமுறை நானும் எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் ஒரு கிரேக்கக் குடும்பத்தின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். மேலே வயதான புருஷனும் பெண்சாதியும். பிள்ளைகள் அவர்களை அங்கிள், அன்ரி என்றார்கள், நானும் அப்படியே. அன்ரி மா குழைத்தாலும் பாட்டு, தரை துடைத்தாலும் பாட்டு. அவருடைய ஆட்கள் கருங்கடல் கரையிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனமாம். அவர்களுடைய கிரேக்கம் வேறு மாதிரியாம். தெருவில் இருந்த மற்றக் கிரேக்கருக்கே பாதி விளங்காதாம். இதெல்லாம் மகள் கேட்டுச் சொன்னது. எனக்கு ஆங்கிலம் வராது. கடையிலும் டொக்டரிடமும் மேல்வீட்டிலும் அவள்தான் என் வாய்.

அன்ரியின் தங்கை மகள் ஒருத்தி வங்கியில் வேலை செய்தாள். சனிக்கிழமையானால் பாட்டுப் பதிகிற ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அந்தப் பேச்சில் பாடத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இருக்கிறவர்களிடம் கேட்டுப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று அலைந்தாள். வாரம் முழுக்க வேலை செய்த பிள்ளை, ஒரு சொல்லுக்காக அரைநாள் பொறுமையாக இருப்பாள். எனக்கு அது பெரிய அதிசயம்.

கல்யாணப் பாட்டு, தாலாட்டு எல்லாம் அன்ரி பாடிக் கொடுத்துவிட்டார். ஒப்பாரி மட்டும் வரவில்லை. இரண்டு அடி பாடுவார், நிறுத்திவிடுவார். ஒருத்தி தொடங்கினால் இன்னொருத்தி ஏந்த வேண்டும், தனியே இருந்து எப்படிப் பாடுவது என்பாராம். ஏந்தக்கூடியவர்கள் எவரும் உயிரோடு இல்லை. அவரும் பாடாவிட்டால் அந்தப் பாட்டு அவரோடு சரி.

அந்த வாரம் அங்கிள் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது மேலே அன்ரியின் குரல் எழுந்தது. வழக்கமான இரண்டு அடியோடு நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. சொல் விளங்காவிட்டாலும் அந்த இழுவை எனக்குத் தெரியும். அங்கிள் போய்விட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் அயல்வீட்டில் அப்படிக் குரல் கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. அடுப்பை அணைத்தேன், கொண்டையை அவிழ்த்தேன், வெறுங்காலோடு படியேறினேன். "நில்லுங்கோ அம்மா, அவை பாட்டு ரெக்கோட் பண்ணுகினம்" என்று மகள் பின்னால் கத்திக்கொண்டு வந்தாளாம். எனக்குக் கேட்கவில்லை.

அன்ரி மேசைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். போய்த் தோளைக் கட்டிப்பிடித்து, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் எடுத்தேன். நாலு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சம். அங்கிளுக்காகத்தான் தொடங்கினேன். பாதியில், "கடைசியா ஒருக்கா முகம் பாக்கேல்லையே, என்ர ஐயா" என்று வாய் தானாகச் சொன்னது. என்னைப் பெற்ற ஐயா முந்திய பனிக்காலத்தில் ஊரில் இறந்திருந்தார். எங்களுக்கு இன்னும் அகதிப் பேப்பர் வரவில்லை, போனால் திரும்பி வர முடியாது என்று நான் போகவில்லை.

அன்ரி நிறுத்தவில்லை. நான் விட்ட இடத்தில் அவர் எடுத்தார், அவர் விட்ட இடத்தில் நான். அந்த வயதிலும் அவர் குரல் உடையாமல் ஏறி, ஏறின இடத்திலேயே நின்று அழுதது. அப்படியொரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. பாட்டு தானாக ஓய்ந்தபோது பின்கதவு திறந்தது. செத்துப்போன அங்கிள் ஒரு கூடை தக்காளியோடு உள்ளே வந்தார்.

மகள் சொல்லும் கதை இந்த இடத்தில் முடியும். எல்லோரும் சிரிப்பார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ரெக்கோடரில என்ர சத்தத்தை அழிக்கச் சொல்லு பிள்ளை" என்றேன். மகள் அந்த வங்கிப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏலாதாம் அம்மா. ரெண்டு பேற்ற குரலும் ஒண்டாக் கிடக்காம். உங்கடய அழிச்சா அவையின்ர பாட்டும் போயிடுமாம். முழுப்பாட்டும் இண்டைக்குத்தான் வந்ததாம். அன்ரி இனிப் பாட மாட்டாவாம்."

அந்தப் பெண் ரெக்கோடரில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழி என்று சொல்லியிருந்தால் அழித்திருப்பாள், அப்படிப்பட்ட பிள்ளை. முன்பின் தெரியாதவர்கள் என் அழுகையைக் கேட்கப்போகிறார்களே என்று இருந்தது. அன்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் எண்டு சொல்லு" என்றேன்.

அன்ரி என் கையைப் பிடித்து, "மதர்? ஃபாதர்?" என்று மெல்லக் கேட்டார். அந்தளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். "ஃபாதர்" என்றேன். அங்கிள், தனக்காக அழ வந்தவள் என்று, பெரிய தக்காளிகளாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுத் தந்தார்.

படியிறங்கும்போது மகள், "அங்கிள் சாகேல்லைத்தானே. பிறகேன் இன்னும் அழுறியள்?" என்று கேட்டாள்.

அம்மப்பா இறந்தது அவளுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து போன் வந்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்தான். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அன்று நான் அழாமல் சோறு போட்டுக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் செய்தாள், படுத்தாள். அம்மப்பாவின் சாவு அன்றோடு முடிந்துபோனதென்றே அவள் நினைத்திருந்தாள்.