நீனா மேடம் வாசித்த கடைசிப் பாடம்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. கட்டுவதென்றால் எனக்குத் தெரிந்த சங்கதியில் கட்டியிருப்பேன். எனக்கு ருஷ்ய மொழியும் தெரியாது, அச்சுக்கோக்கும் மெஷினும் தெரியாது. எல்லாம் அம்சவேணி சொன்னது. 

1986, ஜூன் மாதம். டெல்லி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கரோல் பாக்கில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அச்சுக்கோப்புக் கம்பெனியில் அம்சவேணி ஆபரேட்டர். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும். வேலையோ டெம்பரரி.

அந்த வருஷ ஆரம்பத்தில் வந்தது ஒரு ருஷ்யப் பாடப்புத்தகம். அதில் ஒரு தொல்லை. ருஷ்ய வார்த்தையில் ஏதாவது ஓர் இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். ‘ஸாமக்’ என்றால் கோட்டை. அதே எழுத்துகளை ‘ஸமோக்’ என்று சொன்னால் பூட்டு. படிக்கிற பிள்ளைகள் குழம்பாமல் இருக்க, அழுத்தும் எழுத்தின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு போட வேண்டும். மெஷினில் ருஷ்ய எழுத்து இருந்தது. தலையில் கோடு வைத்த எழுத்து இல்லை. எழுத்தை அடித்து, மெஷினைப் பின்னுக்கு இழுத்து, கோட்டைத் தனியாக அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். அகலமான எழுத்து வந்தால் கோடு நழுவும். பெரிய எழுத்து வந்தால் மேல்வரியில் போய் இடிக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. பேப்பரை இருட்டறையில் கழுவி எடுத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

எந்த எழுத்துக்குக் கோடு என்று சொல்லத்தான் நீனா மேடம். லெனின்கிராட்காரர். ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்கு வந்தவர். புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். மெஷின் அறையில் இன்னொரு நாற்காலிக்கு இடமில்லை. அதனால் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பார். அழுத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. டக். இந்தப் பக்கம் அம்சவேணி கோடு போடுவாள். மத்தியானம் அவள் கொண்டுவரும் எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதி அவருக்கு. “பகுத் அச்சா, அம்ஸா!” என்று விரலை நக்குவார்.

ஏப்ரல் கடைசியில் அவர் வருவது நின்றது. “தபியத் டீக் நஹி”, உடம்பு சரியில்லை என்றார் முதலாளி கன்னா. அதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியவில்லை.

கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. கையெழுத்துப் பிரதியில் ஒரு கோடும் குறிக்கவில்லை. அம்சவேணி தள்ளித் தள்ளிப் போட்டாள். ஒரு வியாழக்கிழமை கன்னா வந்து நின்றார்.

“நாளைக்கு அச்சுக்கு பிலிம் போகணும். தெரிஞ்ச மட்டும் போடு. தப்பாப் போச்சுன்னா ஆர்டர் போயிடும். உன் வேலையும் போயிடும்.”

அவர் வெளியே போய்விட்டார். இருட்டறையில் பேப்பர் கழுவும் ஜோதிலிங்கம் மட்டும்தான் பாக்கி. மதுரைக்காரர்.

மணி மூன்று. அம்சவேணி கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் ஓடவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

“சலோ, அம்ஸா.”

நீனா மேடம்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “மேடம், எப்போ வந்தீங்க? உடம்பு எப்படி இருக்கு?” என்று ஹிந்தியில் கேட்டாள்.

அதற்குள் வாசிப்பு ஆரம்பித்துவிட்டது. ஒரு வார்த்தை... டக். அடுத்த வார்த்தை... டக். அம்சவேணியின் விரல்கள் பறந்தன.

இரண்டு பக்கம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருப்பது ஒரே ஒரு பிரதி. அது அவள் மேஜையில் இருந்தது.

எதைப் பார்த்து வாசிக்கிறார்?

இன்னொன்றும்... நடுவில் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயம்.

பாடம் ரொட்டி சுடுவதைப் பற்றியது. ‘வீட்டில் மாவு இருக்கிறது’ என்று ஒரு வரி. ருஷ்யனில் மாவுக்கு ‘முக்கா’. அது அம்சவேணிக்கே தெரியும்.

“மூக்கா.” டக்.

அவள் கை நின்றது. மேடமே ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தார்: முதல் எழுத்தை அழுத்தி ‘மூக்கா’ என்றால் வேதனை. சித்திரவதை.

“மேடம்... இது மாவு. முக்கா.”

“மூக்கா.” டக்.

அவள் கடைசி எழுத்தில் கோட்டைப் போட்டாள்.

“மூக்கா... மூக்கா... மூக்கா...”

அம்சவேணி எழுந்தாள். தடுப்பைச் சுற்றிப் போனாள்.

நாற்காலி நிறையப் பேப்பர் கட்டு. காலையில் இறக்கி வைத்தது. கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஓர் ஆள் உட்கார இடமே இல்லை.

யாரும் இல்லை.

டக்.

அவள் காதருகில்.

ஓடிப்போய் இருட்டறைக் கதவை இடித்தாள். ஜோதிலிங்கம் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா? அந்தம்மா கிளம்பிட்டாங்களா? இம்புட்டு நேரம் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்களே!”

அவருக்கும் கேட்டிருக்கிறது.

அவர் மெஷினிலிருந்து பேப்பரை எடுத்துப் போய்க் கழுவினார். சிவப்பு விளக்கில் எழுத்துகள் மெல்ல எழும்பி வந்தன. ஒரு கோடுகூட நழுவவில்லை. அந்த மெஷினில் அப்படி ஒரு பக்கம் வந்ததே இல்லை.

அந்த ஒரு வார்த்தையில் மட்டும், அவள் போட்ட இடத்தில் கோடு இல்லை.

முதல் எழுத்தில் இருந்தது.

போன் அடித்தது. கன்னா. நீனா மேடம் ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டார். மூன்று இருபதுக்கு.

அடுத்த வாரம் அம்சவேணி துக்கம் கேட்கப் போனாள். மேடத்தின் கணவர் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், “கடைசியா ஏதாவது பேசினாங்களா?” என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

“உனக்கு யாரும் சொல்லலையா? கேன்சர். மே மாசமே ஆபரேஷன் பண்ணிக் குரல்வளையை எடுத்துட்டாங்க. அப்புறம் அவளால ஒரு சத்தம்கூடப் போட முடியாது. அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்ப வாயசைச்சா. என்னன்னு எனக்குக் கடைசிவரைக்கும் புரியல...”

அது எந்த வார்த்தை என்று அம்சவேணி அவரிடம் சொல்லவில்லை.